கூடத்தில் ஓதம், படுக்கையறையில் கசிவு

கான்கிரீட் தரைக்கு அடியில் குழாய் கசிகிறது என்ற சந்தேகத்தில் இரண்டு நிறுவனங்களை அடுத்தடுத்து அழைத்தேன். முதலில் வந்தவர்கள் தவறான இடத்தில் தரையை உடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் மூன்று மணி நேரத்தில் இடத்தைக் காட்டினார்கள். இந்த மதிப்புரை பெரும்பாலும் இரண்டாமவர்களைப் பற்றியது என்றாலும், முன்னவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதைச் சொல்லாமல் பின்னவர்களின் வேலையை எடைபோட முடியாது.

எங்களுக்கு முதலில் துப்புக் கொடுத்தது தண்ணீர் மீட்டர்தான். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் அதன் முகப்பிலிருந்த சிறிய முக்கோணச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டி ஒழுகினாலும் அது சுற்றும் என்பதால் தொட்டி நீரில் சாயம் கரைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். கோப்பைக்குள் நிறம் இறங்கவில்லை. ஓர் இரவில் 6 மணி நேரத்துக்கு 90 லிட்டர் ஓடியிருந்தது, அதாவது நாளொன்றுக்கு 360 லிட்டர். சில நாள்களில் கூடத்தின் ஓரமாக ஓதம் ஏறி, டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

முதல் நிறுவனத்தார் தெர்மல் கேமராவை மட்டும் கொண்டுவந்தார்கள். அந்தக் கேமரா தரையின் மேற்பரப்பு வெப்பத்தைக் காட்டுமேயன்றி அடியிலுள்ள நீரைக் காட்டாது. வெந்நீர்க் குழாய் கசிந்தால் தரை வெதுவெதுப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் தளத்துக்கு அடியில் நிரப்பியிருக்கும் மணல் வழியாக நீர் சாய்வான பக்கம் நகர்ந்து, எங்கே விரிசலோ இடுக்கோ கிடைக்கிறதோ அங்கே மேலேறும். கூடத்தில் ஓதமும் இளஞ்சூடும் சேர்ந்திருந்ததைக் கண்டதும் அங்கேயே தரையை உடைக்கும் பிரேக்கரை வைத்துவிட்டார்கள். ஈர மணல் கிடைத்தது, ஓட்டைக் குழாய் கிடைக்கவில்லை.

இரண்டாவது நிறுவனத்திலிருந்து வந்த பணியாளர் எந்தக் கருவியையும் தரையில் வைப்பதற்கு முன் குளிர்நீர்ப் பாதையையும் வெந்நீர்ப் பாதையையும் வால்வுகளால் தனித்தனியே அடைத்து, ஒவ்வொன்றிலும் 4 பார் அழுத்தம் ஏற்றினார். கால் மணி நேரத்தில் குளிர்நீர்ப் பாதையில் அழுத்தமானியின் முள் அசையவில்லை. வெந்நீர்ப் பாதையில் அது 2.5 பாருக்கு இறங்கியது. என் பார்வையில் அன்றைய வேலையில் பாதி அந்தக் கால் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது.

பிறகு குழாய் செல்லும் வழியைக் கருவியால் தேடித் தரையில் சாக்பீஸால் கோடிட்டார். குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றி வேறு அறைக்கு அனுப்பினார். செருப்பில்லாமல் நடந்து, ஒலிவாங்கியை ஓர் அடிக்கு ஒருமுறை வைத்துக் கேட்டவர், ஓரிடத்தில் ஹெட்போனை என்னிடம் நீட்டினார். டயரிலிருந்து காற்று இறங்குவதுபோல் ஓயாத ஒரு சீறல். ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னோரிடத்திலும் அதே அளவு சீறல் கேட்டது. செம்புக் குழாய் ஒலியை நெடுந்தூரம் கடத்தும் என்றும், குழாய் வளையும் எல்போ இணைப்பில் அது பெருகிக் கேட்பதுண்டு என்றும் விளக்கி, காதை மட்டும் நம்பி உடைக்க மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே அவரை எவருக்கும் பரிந்துரைப்பேன்.

குழாயிலிருந்த நீரை வெளியேற்றிவிட்டு 5 விழுக்காடு ஹைட்ரஜனும் 95 விழுக்காடு நைட்ரஜனும் கலந்த, தீப்பற்றாத வாயுவைச் செலுத்தினார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் கான்கிரீட்டையும் ஊடுருவி மேலே வரும். வழவழப்பான டைல்ஸ் அதைத் தடுக்கும் என்பதால் இடுக்குப் பூச்சில் மெல்லிய துளைகள் போட என்னிடம் அனுமதி கேட்டுப் போட்டார்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு, படுக்கையறையில் இரண்டாவது சீறல் கேட்ட இடத்தில் வாயுவை உணரும் கருவி ஒலித்தது. தரையைத் திறந்தபோது சாக்பீஸ் குறியிலிருந்து ஒரு சாண் தள்ளி, குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தது. உறையில்லாமல் பதித்த குழாய் ஒரு ஜல்லிக் கல்லில் உரசித் தேய்ந்திருந்தது. 10 மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். அடுப்பில் ஏற்றி இறக்கியதுபோல் நாள்தோறும் நீண்டு சுருங்கினால் கல்லா தோற்கும்?

குறைகளும் உண்டு. அழுத்தச் சோதனையின் எண்கள் அறிக்கையில் இல்லை. நான் குறித்துவைத்திருக்காவிட்டால் இங்கே எழுதியிருக்க முடியாது. கண்டுபிடிப்பவர்களே பழுதுபார்ப்பவர்களாகவும் இருப்பதால், ஒரேயொரு ஓட்டைக்கு முழுக் குழாய்க்கும் எபாக்சி என்ற பிசினைப் பூச வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். கசிந்த துண்டை மட்டும் வெட்டி மாற்றச் சொன்னேன். அதே பாதையில் மீண்டும் கசிந்தால் தரையை விட்டுவிட்டுச் சுவர் வழியாகப் புதுக் குழாய் இழுப்பதாக இருக்கிறேன். உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குழாய் என்றால் ஒலி அவ்வளவு தூரம் கடத்தப்படாது என்பதால், வாயுச் சோதனை செய்வார்களா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

குழாயை மாற்றிய அன்றிரவு 6 மணி நேரம் மீட்டரைக் கவனித்தேன். முக்கோணச் சக்கரம் அசையவில்லை. கூடத்தில் முதல் நிறுவனத்தார் உடைத்த குழிக்கு மட்டும் இன்னும் பொருத்தமான நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லை.