வள்ளத்தில் டேப்லெட் ஜிபிஎஸ்: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஜிபிஎஸ் பார்க்க டேப்லெட் வாங்கி வள்ளத்தில் வைக்கலாமா என்று நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் கடியப்பட்டணம், முட்டம் பக்கத்துப் பையன்கள் இப்போது நிறையக் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். எங்கள் ஃபைபர் வள்ளத்தில் சில வருஷமாக ஒன்று இருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால் கையில் இருக்கும் சின்ன ஜிபிஎஸ் மெஷினை விற்றுவிட்டு இதை வாங்காதீர்கள். பெரிய திரையில் வரைபடம் பார்ப்பதற்கு டேப்லெட், அடிபட்டாலும் நனைந்தாலும் நம்பி இருப்பதற்கு அந்த மெஷின். இரண்டும் வேண்டும்.

முதலில் ஜிபிஎஸ் சிப். எல்லா டேப்லெட்டிலும் அது இருக்காது. ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள மாடலில் கிடையாது, சிம் வசதியுள்ள செல்லுலார் மாடலில்தான் உண்டு. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். இதில் பலரும் ஏமாறுவதற்குக் காரணம், சிப் இல்லாத டேப்லெட்டும் கடைக்குள் வைத்துப் பார்த்தால் மேப்பில் இடத்தைச் சரியாகக் காட்டிவிடும். சுற்றியுள்ள வைஃபைகளை வைத்து அது கணக்குப் போடுகிறது. கடலில் ஏது வைஃபை? கரை தாண்டியதும் புள்ளி அப்படியே நின்றுவிடும்.

சிப் இருந்தால் சிம் போட வேண்டியதில்லை, ரீசார்ஜும் தேவையில்லை. சாட்டிலைட்டில் இருந்து வருவதைக் கேட்டுக்கொள்வதற்கு இன்டர்நெட் எதற்கு? ஒன்றே ஒன்று: நெட் இல்லாமல் முதல் தடவை இடம் பிடிக்க நேரம் ஆகும். எந்த சாட்டிலைட் எங்கே என்ற முழு விவரத்தையும் வானத்தில் இருந்தே வாங்க வேண்டுமென்றால் பன்னிரண்டரை நிமிஷம். அதனால் வள்ளம் இறக்குவதற்கு முன் கரையில், போன் நெட்டோடு இணைத்து ஒரு தடவை இடம் பிடிக்க வைத்துவிடுவேன். அப்புறம் ஏரோபிளேன் மோடு. சிம் போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். டவர் கிடைக்காத இடத்தில் அது டவரைத் தேடித் தேடியே சார்ஜைக் குடித்துவிடும்.

துல்லியம் பற்றிக் கவலையே வேண்டாம். மறைப்பு இல்லாத கடலில் நாலைந்து மீட்டருக்குள் காட்டுகிறது. நங்கூரக் கயிற்றில் வள்ளம் சுற்றுவதே அதைவிட அதிகம்.

உண்மையான பிரச்சினை வெயிலும் உப்புத் தண்ணீரும்தான். கேபின் உள்ள விசைப்படகில் இது பாதி குறையும், திறந்த வள்ளத்தில் முழுசாக நம் தலையில்தான். சாதாரண டேப்லெட் திரை பத்து மணி வெயிலிலேயே கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், நம் முகம்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வள்ளத்துக்கு லாயக்கு. கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர்கள் அதை மாட்டிக்கொண்டே திரையை நட்டுக்குத்தாகவும் படுக்கையாகவும் திருப்பிப் பாருங்கள். சில திரைகள் ஒரு பக்கம் சுத்தமாக இருண்டுவிடும்.

சூடு அடுத்தது. ஐபேடுக்கு 35 டிகிரி வரைதான் என்று கம்பெனியே சொல்கிறது. நம் ஊர் உச்சி வெயிலில் நேராக வைத்தால் எந்த டேப்லெட்டும் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்தும் போகும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் தண்ணீர் படாது, ஆனால் உள்ளே வெந்துவிடும். வள்ளத்துக்கு ஃபைபர் வேலை செய்பவரிடமே சொல்லி, மேலே கூரையும் பின்னால் காற்றுப் போக ஓட்டைகளும் வைத்து ஒரு கூடு வார்த்து வாங்கினேன். இந்த ஏற்பாட்டில் நான் செய்த எல்லாச் செலவிலும் உருப்படியான செலவு அதுதான்.

தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கு ஐபி68 என்று போட்டிருந்தாலும் அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. உப்பு வேறு. சார்ஜ் போடும் டைப் சி துளையில் உப்பு பொரிந்து, பின்களில் பச்சை பிடித்துவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போடுவது. இன்னொன்று, திரையில் தண்ணீர் தெறித்தால் அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும். அலை தெறித்த நேரத்தில் மேப் தானாக ஓடி ராமேஸ்வரத்தில் போய் நிற்கும். தொடுதலைப் பூட்டி வைக்கும் வசதி உள்ள ஆப்பாகப் பாருங்கள்.

இனி எண்கள். இங்கேதான் கவனம் வேண்டும். நம் மெஷின்கள் டிகிரி, நிமிஷம் என்று காட்டும். டேப்லெட் ஆப்கள் பல நேரம் டிகிரியை மட்டும் தசமத்தில் காட்டும். மெஷினில் 8 டிகிரி 05.400 நிமிஷம் என்று இருக்கும் ஒரு பாரை (பார் என்றால் மீன் கூடும் கடலடிப் பாறை), டேப்லெட்டில் 8.0540 என்று அடித்தால் தவறு. நிமிஷத்தை அறுபதால் வகுக்க வேண்டும், 8.0900 என்பதுதான் சரி. அந்தத் தவறு கடலில் இரண்டு கடல் மைலுக்கு மேல், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். எங்கள் வள்ளத்தில் ஒரு நாள் கூட வந்த பையன் அப்படித்தான் அடித்து வைத்திருந்தான். முட்டம் லைட் ஹவுஸையும் பின்னால் இருக்கும் மலையையும் சேர்த்துப் பார்த்து இடம் கணித்த சித்தப்பா, திரையைப் பார்க்காமலே சொன்னார்: "மக்களே, பாரு இங்கயில்ல, இன்னும் கரைப்பக்கமாக்கும்." ஆப்பின் செட்டிங்கில் டிகிரி, நிமிஷம் என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மேப்பைப் பொறுத்தவரை, கூகுள் மேப்பில் கடல் வெறும் நீலம். ஆழம் காட்டும் கடல் வரைபட ஆப் வேண்டும், கரையிலேயே டவுன்லோடு செய்து வைத்திருக்க வேண்டும். அப்படியும் நம் பார்கள் எல்லாம் அதில் இருக்காது. அப்பாவும் சித்தப்பாவும் கண்டுபிடித்த இடங்கள் நம் குறிப்பில்தான் இருக்கும். சில ஆப்கள் நாம் குறிக்கும் இடத்தை மற்றவர்களுக்கும் பகிரும். வாங்கிய அன்றைக்கே அதை அணைத்துவிடுங்கள். குறித்த இடங்களை ஜிபிஎக்ஸ் ஃபைலாக மெமரி கார்டில் எடுத்து வீட்டில் வைப்பதும் அவசியம். டேப்லெட் கடலில் விழுந்தால் இன்னொன்று வாங்கலாம், பார்களை வாங்க முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். ஜிபிஎஸ் நாம் இருக்கும் இடத்தை நமக்கு மட்டும்தான் சொல்லும், கரைக்குச் சொல்லாது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நேரில் பார்த்த மாவட்டம் இது. அன்றைக்குக் கடலில் இருந்த எத்தனையோ பேரிடம் ஜிபிஎஸ் இருந்தது, அவர்கள் எங்கே என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. கரையோடு பேச விஎச்எஃப் வயர்லெஸ் வேண்டும், சாட்டிலைட் வழியாகக் கரையோடு செய்தி பரிமாறும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் வயர்லெஸ் வாங்குங்கள், டேப்லெட் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மாடல் பெயர் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். வருஷத்துக்கு வருஷம் மாறுவதால்தான் சொல்லவில்லை. நான் வைத்திருப்பது எட்டு அங்குல ரக்கட் வகை, அதாவது அடியும் தண்ணீரும் தாங்குகிற மாதிரி செய்தது, ஒரு கையால் பிடிக்கலாம். பத்து அங்குலம் வள்ளத்துக்கு அதிகம். நாகர்கோவிலில் கடைக்குப் போகும்போது மத்தியானம் போங்கள். ஜிபிஎஸ் டெஸ்ட் ஆப் ஒன்றை ஏற்றி, வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லி வெளியே ரோட்டில் வெயிலில் கொண்டுவந்து பாருங்கள். சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றாக வர வேண்டும், அதை அந்த வெயிலில் கையால் மறைக்காமல் படிக்க முடிய வேண்டும். வெளியே எடுத்துப் போக விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.