பெரிய பணிநாளா, வாராந்தரக் குழுவா? சமூகத் தோட்டத்தில் எந்த வேலைக்கு எது

சமூகத் தோட்டத்துக்குத் தன்னார்வலர்களை அழைப்பவர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது பேரைத் திரட்டி, ஒரு காலை முழுக்க வேலை பார்ப்பது ஒன்று. ஐந்தாறு பேர் வாரம் தவறாமல் வந்து இரண்டு மணி நேரம் பார்ப்பது மற்றொன்று. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சுமக்கிற வேலைக்குக் கூட்டம் உதவும். முளைக்கிற, வளர்கிற எதற்கும் அடிக்கடி வருகிற கைதான் வேண்டும். பல தோட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது: பெரிய நாளில் அத்தனை பேரையும் களையெடுக்க உட்காரவைத்துவிட்டு, மண் சுமப்பதை நான்கு பேர் தலையில் கட்டுகிறார்கள்.

மணிக்கணக்கு

25 பேர், 3 மணி நேரம் என்றால் தாளில் 75 மணி. வேலையைச் சொல்லிக் கருவி கொடுக்க 20 நிமிடம் போகும். நடுவில் ஓய்வு 15, முடிவில் கருவிகளைக் கழுவி எண்ணி அடுக்க 20. மிஞ்சுவது ஆளுக்கு 125 நிமிடம், மொத்தம் 52 மணி. வாராந்தரக் குழுவில் 6 பேர், 2 மணி நேரம். பழகியவர்கள் என்பதால் முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு 10 மணி கிடைக்கிறது. ஐந்து வாரத்தில் ஏறக்குறைய பெரிய நாளை எட்டிவிடுகிறார்கள், 13 வாரத்தில் அதைப்போல இரண்டரை மடங்கு. நேரம் மட்டும்தான் அளவுகோல் என்றால் சிறு குழுவே வெல்லும். ஆனால் அந்த 10 மணியை ஒரே நேரத்தில் 25 பேராக மாற்ற முடியாது. அங்கேதான் பெரிய நாள் தேவைப்படுகிறது.

சுமக்கிற வேலை

30 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள நடைபாதைக்கு 8 செ.மீ. கனத்தில் மரச்சில்லு மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் அடுக்கு, போட வேண்டும் என்று வையுங்கள். 2.4 கன மீட்டர் தேவை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றில் ஏறக்குறைய 80 லிட்டர் பிடிக்கும் என்றால் 30 நடை. குவியலிலிருந்து பாதை 40 மீட்டர் தள்ளி இருந்தால் நிரப்ப, போக, கொட்ட, திரும்ப ஒரு நடைக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒரே வண்டியில் இது இரண்டு மணி நேர வேலை. மூன்று வண்டி இருந்தால் 40 நிமிடம்.

மூன்று வண்டிக்கு எத்தனை பேர் தேவை? தள்ள 3, முள்வாரியால் (நீண்ட பற்களுள்ள அள்ளு கருவி) அள்ளிப் போட 4, கொட்டியதைப் பரப்ப 3. பத்துப் பேர். பதினோராவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை. பெரிய நாட்கள் சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆள் குறைவதில்லை, வண்டியும் முள்வாரியும் குறைகின்றன. இடுப்பில் கைவைத்து நிற்கும் பத்துப் பேர் அடுத்தமுறை வரமாட்டார்கள். அதனால் ஆட்களை அழைக்கும் முன் கருவிகளை எண்ணுங்கள். காற்றடைத்த டயர் வண்டி என்றால் முந்தின நாளே அழுத்திப் பாருங்கள், பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

வண்டிக்குப் போட்டி மனிதச் சங்கிலி, அதாவது வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவது. 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரமுள்ள மேட்டுப்பாத்தி ஒன்றுக்கு 0.86 கன மீட்டர் மண் வேண்டும். எடை ஒரு டன்னைத் தாண்டும். 10 லிட்டர் பிடிக்கும் சட்டியை நிறைத்தால் 86 சட்டி, முக்கால் பங்கு போட்டால் 115. பாதை அகலமாக, சமமாக இருந்தால் வண்டிதான் சரி. படிக்கட்டோ குறுகிய சந்தோ குறுக்கிட்டால் சங்கிலி. 15 மீட்டருக்குப் பத்துப் பேர், காலிச் சட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோக இரண்டு பேர். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் ஒவ்வொரு சட்டிக்கும் இடுப்பைத் திருப்ப வேண்டிவரும். பத்து நிமிடத்தில் முதுகு பிடிக்கும். ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிரே பார்த்து நின்றால் கை நீட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம். சட்டியில் முக்கால் பங்குக்கு மேல் போடாதீர்கள். சங்கிலியின் வேகம் அதில் களைத்துப்போனவரின் வேகம்தான். மண் சில வாரங்களில் அமர்ந்துவிடும் என்பதால் கணக்குக்கு மேல் கொஞ்சம் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

களை

இதில் வாராந்தரக் குழுவுக்கு ஈடே இல்லை. கோரையை எடுத்துக்கொள்வோம். மேலே தெரியும் புல்லைப் பிடித்து இழுத்தால் கழுத்தில் அறுந்து வரும். கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். துளிர்த்த செடி நாலு முதல் ஆறு வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்குகிறது. ஆக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாறு இலை விடுவதற்குள் பிடுங்கிக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கின் சேமிப்பு கரைந்து கடைசியில் செத்துப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25 பேர் உட்கார்ந்து பிடுங்கினால் இடைப்பட்ட காலத்தில் அது கிழங்குமேல் கிழங்காகக் கட்டிவிடும். அன்று மாலை பாத்தி துடைத்துவிட்டதுபோல் இருக்கும், உழைத்தவர்களுக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நம்பி ஏமாறாதீர்கள்.

அருகம்புல் படர்ந்த இடத்தில் ஆர்வமாக மண்வெட்டியால் கொத்துவது இன்னும் மோசம். கணுவோடு துண்டான ஒவ்வொரு தண்டும் புதுச் செடியாகும். முள்வாரியைக் குத்தி மண்ணை நெகிழ்த்தி, கொடியை நீளமாக உருவ வேண்டும். பொறுமையான வேலை, பழகிய கை வேண்டும்.

பெட்டி அட்டையை விரித்து மேலே மூடாக்குப் போட்டு மூடிவிடலாமே என்பார்கள். ஓராண்டுக் களைகளுக்கு அது நல்ல வழி, பெரிய நாளுக்கும் ஏற்றது. பிசின் நாடாவைக் கிழித்தெடுத்து, விளிம்புகளை 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நன்றாக நனைத்த பிறகே மூடாக்கு. அட்டை காய்ந்திருந்தால் மேலே விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும். ஆனால் கோரையின் கூர்முனை பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்து வரும், அட்டை எம்மாத்திரம்.

மட்குக் குவியல்

இரண்டு முறையும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் இடம் இது. வாரம் ஒரு வாளி என்று சேர்க்கும் குவியல் மட்கும், ஆனால் சூடேறாது. 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால்தான் பெரும்பாலான களை விதைகள் சாகும். அந்தச் சூடு வரக் குவியல் குறைந்தது ஒரு கன மீட்டர் இருக்க வேண்டும், அதையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். பெரிய நாளில் வெட்டிய பச்சையும் சேர்த்துவைத்த சருகும் ஒன்றாகக் கிடைப்பதால் ஐந்து பேர் ஒரு மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள். பச்சை ஒரு பங்கு, சருகு இரண்டு மூன்று பங்கு. கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரம் போதும்; தண்ணீர் வழிந்தால் நாறும். அதற்குப் பிறகு கிளறிவிட ஆள் வேண்டும். அது வாராந்தரக் குழுவின் பொறுப்பு. கோரைக் கிழங்கையும் அருகம்புல் தண்டையும் இதில் போடவே வேண்டாம்.

ஆட்களைப் பிரிப்பது

வேலைவாரியாகப் பிரிப்பதா, பாத்திவாரியாகவா? பாத்திவாரி என்றால் நான்கு பேர் ஒரு பாத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பார்கள். கண்முன்னே முடிந்த வேலை தெரியும், ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் முழுக் கருவித்தொகுதி வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவரும் வேண்டும். புதியவர்கள் நிறைந்த பெரிய நாளில் இது கட்டுப்படியாகாது. வேலைவாரியாகப் பிரித்து, ஐந்தாறு பேருக்குத் தெரிந்தவர் ஒருவரை நிறுத்துங்கள். அவர் கையில் மண்வெட்டி கொடுக்காதீர்கள். குனிந்து வேலை செய்பவரால் மேற்பார்க்க முடியாது.

புதியவர் நாற்றையும் களையையும் குழப்புவது நிச்சயம். வாயால் விளக்குவதைவிட, ஒரு பலகையில் அன்று பிடுங்க வேண்டிய களைகளையும் விட்டுவைக்க வேண்டிய நாற்றையும் வேரோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இலை இரண்டாக இருக்கும் பருவத்துச் செடியே வேண்டும், வளர்ந்த செடியைக் காட்டிப் பயனில்லை. விதைத்த வரிசையின் இரு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பெயர் பதிவா, திறந்த அழைப்பா என்ற கேள்வி சிறு குழுவுக்கு எழாது. பெரிய நாளுக்குப் பதிவுதான் எங்கள் தேர்வு. பதிந்தவர் எல்லோரும் வரமாட்டார்கள் என்றாலும், தண்ணீருக்கும் கையுறைக்கும் ஒரு கணக்கு கிடைக்கும். வெயிலில் உழைப்பவருக்கு 20 நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்றால் 25 பேருக்கு 3 மணி நேரத்தில் 56 லிட்டர் குடிநீர். கை கழுவுவது தனி. வேலைப் பட்டியலை மூன்றாக எழுதுங்கள்: பாதிப்பேர் வந்தாலும் முடிக்க வேண்டியவை, எல்லோரும் வந்தால் செய்யலாம் என்பவை, மழை பிடித்தால் கூரைக்கடியில் செய்யக்கூடிய கருவி தீட்டல், பெயர்ப்பலகை எழுதல் போன்றவை.

எதைத் தேர்வது

ஒன்றுதான் முடியும் என்றால் வாராந்தரக் குழு. பெரிய நாள் இல்லாத தோட்டம் மெதுவாக வளரும், வாராந்தரக் கை இல்லாத தோட்டம் அடுத்த பெரிய நாளுக்குள் காடாகிவிடும். இரண்டும் முடிந்தால், பெரிய நாளின் தேதியைக் குழு குறிக்கட்டும். அந்த நாள் முடிந்த ஏழு நாளுக்குள் குழு வந்து நான்கைப் பார்க்க வேண்டும்: நட்ட நாற்றுகளுக்குத் தண்ணீர் இறங்கியதா, மூடாக்கு தண்டை ஒட்டிக் கிடக்கிறதா (ஒரு சாண் விலக்கிவிடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்), மட்குக் குவியலுக்குள் கைவைத்தால் சுடுகிறதா, மேட்டுப்பாத்தியில் மண் எவ்வளவு அமர்ந்திருக்கிறது.