ஊர் ஊராகவா, ஓரிடத்திலா: நரிக்குறவரின் மணிமாலை விற்பனை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைத் தொழில் முடங்கிய பின், தமிழ்நாட்டு நரிக்குறவர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாசிமணியும் ஊசியும் முதன்மைப் பிழைப்பாயின. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்பதும் ஓரிடத்தில் கடை வைத்து விற்பதும் வெறும் வியாபார முறைகள் அல்ல; இரு வேறு வாழ்க்கைகள்.

ஊர்வழி விற்பனைக்குத் திருவிழாக்களே ஆதாரம்: ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம், தையில் பழனிப் பூசம். ருத்ராட்சத்தின் துளையில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, முனையைக் குறட்டால் வளைத்து, அடுத்த மணியின் கண்ணியோடு பிணைக்கும் வேலை வாங்குபவரின் கண்ணெதிரிலேயே நடப்பதால், கேட்ட நீளத்தில், கேட்ட நிறத்தில் மாலை கிடைக்கிறது. குடும்பமே சேர்ந்து பயணிப்பதால் கைத்தொழிலும் தாய்மொழியான வாக்ரிபோலியும் பிள்ளைகளுக்குத் தாமாகவே வந்துசேர்கின்றன. ஆனால் பள்ளிப்படிப்பு அறுபடுகிறது. அந்த இழப்பை எந்தச் சுதந்திரமும் ஈடுசெய்யாது என்பதே என் உறுதியான கருத்து.

கடை வைத்தால் முகவரி நிலைக்கும். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் கல்விப் பயனைப் பிள்ளைகள் முழுமையாகப் பெறலாம். ஆனால் வாடகையும் இயந்திர மணிகளின் மலிவு விலையும் நெருக்கும்.

பள்ளி நாட்களில் ஓரிடம், விழாக்காலத்தில் பயணம் என்ற இணைப்பே நியாயமானது. அதற்கு, 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஓர் ஊரில் பெறும் விற்பனைச் சான்றிதழைப் பிற ஊர்களின் விழாக்களிலும் ஏற்க வேண்டும்.