ஷூவுக்கு மேல் ஒரு ஷூ: குன்னூர் மழையில் சில உறைகள்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கராக இருக்கிறேன். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஒன்றே கால் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வழியில் பாசி படிந்த 94 சிமெண்டுப் படிகளும், தோட்டத்துக்குள் புகுந்து செல்லும் செம்மண் ஒற்றையடிப் பாதையும், கடைசியாகக் கொஞ்சம் தார்ச்சாலையும் இருக்கின்றன. கூடலூரும் உதகையின் மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் பெரும்பாலும் சாரலோடு தப்பித்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை தொடங்கிய பிறகுதான் இந்த வழி காலை வாரிவிடத் தொடங்குகிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்களைப் போல நானும் கம்பூட்ஸ் என்ற உயரமான ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது வங்கிக்கும் தணிக்கையாளர் அலுவலகத்துக்கும் போக வேண்டியிருப்பதால் தோல் ஷூவை விட முடிவதில்லை. ஆகவே, ஷூவின் மேலேயே மாட்டிக் கழற்றக்கூடிய உறைகளைக் கடந்த இரண்டு மழைக்காலங்களில் ஒவ்வொன்றாக வாங்கி அணிந்து பார்த்தேன்.

முன்பெல்லாம் ஷூவின் மேல் பாலித்தீன் பையைக் கட்டி, ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு நடப்போம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததோடு அந்த வழக்கமும் ஒழிந்தது. ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஈரப் படியில் அதைப்போல வழுக்கும் பொருள் வேறொன்று இல்லை.

முதலில் வாங்கியது 349 ரூபாய்க்கு இணையத்தில் கிடைத்த சிலிக்கோன் உறை. அதை உருட்டினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வாசலில் ஒற்றைக் காலில் நின்று இழுத்து மாட்டுவது மட்டும் ஒரு வித்தை. முதல் வாரம் முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டினேன். தண்ணீரைத் தடுப்பதில் அதைக் குறை சொல்ல இடமே இல்லை. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஏறாதவரை ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. சிக்கல் அடிப்பக்கத்தில் இருந்தது. அங்கே கோடு கோடாகப் போட்டிருந்த வார்ப்பு ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இராது. ஈரத் தரையில் காலுக்குப் பிடிமானம் கிடைக்க வேண்டுமானால், இடையில் சிக்கும் தண்ணீர் வெளியேற ஆழமான பள்ளங்கள் வேண்டும். பாசி படிந்த தரையாக இருந்தால், அந்த வழவழப்பைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள கரடான பரப்பைத் தொடும் கூர்மையான விளிம்புகளும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத சிலிக்கோன், ஷூவின் சொந்தச் சோலில் இருந்த கொஞ்ச நஞ்சப் பிடிமானத்தையும் மூடி மறைத்துவிட்டது. விற்பவரின் படத்தில் ஒருவர் குட்டையில் துள்ளிக் குதிக்கிறார்; அவர் படியில் இறங்குவதுபோல் ஒரு படம்கூட இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அது ஐந்து வாரம் தாங்கியது. சிலிக்கோன் வெயிலுக்கும் குளிருக்கும் எளிதில் மசியாது என்பது உண்மைதான். ஆனால் ஓரிடத்தில் சிறு கீறல் விழுந்துவிட்டால், புதுத் துணியைக் கிழிப்பதுபோல் அங்கிருந்து நீளமாக ஓடிவிடும். கவாத்து செய்த தேயிலைச் செடியின் கட்டை ஒன்று பாதையோரமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இடது கால் உரசியதும் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து அடிவரை பிளந்துகொண்டது.

இடையில் ஜிப் வைத்த பி.வி.சி. உறை ஒன்றையும் வாங்கினேன். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மார்கழிக் குளிரில் பி.வி.சி. விறைத்துப்போய் நடக்கும்போது கணுக்காலில் மடிந்து உறுத்தியது. ஜிப் வழியே தண்ணீர் வந்தது.

இதற்குப் பிறகு வாங்கியதுதான் என்னோடு தங்கிவிட்டது. இயற்கை ரப்பரில் செய்த தடித்த அரை உறை அது. ஷூவின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் குதிகாலையும் மூடி, லேஸ் கட்டும் பகுதியைத் திறந்து விட்டிருக்கும். விலை 1,450 ரூபாய். இந்தப் பொருளுக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரேசிலில் செய்த ரப்பர் மேலுறைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் பதப்படுத்தாத ரப்பர் என்பதால் அவை கோடையில் இளகி ஒட்டிக்கொண்டன, பனிக்காலத்தில் கட்டையாக விறைத்துப்போயின. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் மாறும் என்பதை 1839இல் கண்டறிந்த சார்லஸ் குட்இயர், 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் காலில் இருக்கும் ரப்பர் சோல்களில் பலவும் அந்தக் கந்தகத்துக்குக் கடன்பட்டவைதான்.

என்னிடம் உள்ள உறையின் அடியில் நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் கட்டைகள் இருக்கின்றன. இந்த இடைவெளி முக்கியமானது. நெருக்கமான கோடுகளில் செம்மண் அப்பிக்கொண்டால் பத்தடியில் சோல் மழுங்கிவிடும். அகலமான இடைவெளியாக இருந்தால் நடக்க நடக்க மண் தானாக உதிர்ந்துவிடும். 94 படிகளையும் இதை அணிந்துகொண்டு கைப்பிடிக் குழாயைத் தொடாமல் இறங்குகிறேன் என்று சொன்னால் அது பொய். தொட்டுக்கொண்டு, ஆனால் தொங்காமல் இறங்குகிறேன். உறையோடு ஷூ கனமாகிவிடுவதால் மாலையில் படி ஏறி வீடு சேரும்போது ஆடுசதை வலிக்கிறது. முதல் நாள் இதைப் பார்த்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், “என்ன சார், ஷூவுக்கே சட்டை போட்டு விட்டுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தம் கம்பூட்ஸோடு எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப்போனார்.

கழற்றி மாட்டுவதில் உள்ள வசதி எனக்குத் தொழிற்சாலையில்தான் புரிந்தது. தேயிலை உணவுப்பொருள் என்பதால் சேற்றுக் காலோடு உள்ளே நுழைய முடியாது. வாசலிலேயே உறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் ஷூ காய்ந்த நிலையில் மேசைக்கு வந்து சேர்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்ததும் கழற்றியே ஆக வேண்டும். ரப்பருக்குள் வேர்வை வெளியேற வழியில்லாததால், நாள் முழுக்க மாட்டியிருந்தால் தோல் உள்ளிருந்தே ஈரமாகிவிடும், நம் ஊர் மழைக்காலத்தில் இரண்டே நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும். நான் மாலையில் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைப்பவர்கள் தோலையும் ரப்பரையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இனி எஃகுக் குமிழ் வைத்த பிணைப்பு. ரப்பர் வலை ஒன்றை ஷூவின் மேல் இழுத்து மாட்டினால், அடியில் ஒரு காலுக்குப் பத்துக் குமிழ்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். விலை 690 ரூபாய். பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் நாடுகளின் நடைபாதைகளுக்காகச் செய்யப்பட்டது இது. உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனி வேறு, அந்த நாடுகளின் பனிக்கட்டி வேறு. நம் உறைபனி வெயில் ஏறியதும் வெறும் ஈரமாகிவிடும். இருந்தும் செம்மண் பாதைக்கு உதவும் என்று நினைத்தேன். உதவவும் செய்தது. சரிவான இடத்தில் குமிழ்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடித்ததை உள்ளங்காலே உணர்ந்தது.

ஆனால் சிமெண்டுப் படியில் கால் வைத்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி வரை ஏறும் பாதையில், நமது மலை ரயில் வெறும் சக்கரத்தை நம்பாமல் நடுவில் உள்ள பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. பல் இறங்குவதற்கு எதிரே ஒரு பள்ளம் இருப்பதால் அந்த ஏற்பாடு பலிக்கிறது. சிமெண்டில் குமிழ் எங்கே இறங்கும்? ரப்பர் தரையைத் தொடாமல் பத்து எஃகுப் புள்ளிகள் மேல் உடம்பின் எடை முழுவதும் நிற்க, நான் மூன்று படிகளை உட்கார்ந்த நிலையில் கடந்தேன். பெட்டியில் இருந்த தாளைப் பிறகு எடுத்துப் படித்தபோது, வழவழப்பான தரையிலும் வீட்டுக்குள்ளும் அணியக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதே வாரம் ஒரு குமிழ் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. காலில் மாட்டியதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோவதில்லை என்றாலும் எனக்கு அன்று முழுக்க நிம்மதி இல்லை. தேயிலைத் தூளில் இரும்புத்துகள் கிலோவுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதற்காகக் காந்தம் வைத்துப் பொறுக்கும் இடம் அது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் இதைக் காட்டினேன். குன்னூரை ஒட்டிய வெலிங்டன் முகாமின் ராணுவக்காரர்களுடைய பூட்ஸுக்கு ஒரு காலத்தில் லாடம் அடித்துக் கொடுத்தவர் அவர். “லாடம் சத்தத்துக்கும் தேய்மானத்துக்கும்தான் சார், பிடிக்கிறதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, என் பழைய ஷூவை வாங்கி அடித்தோலை அரத்தால் சொரசொரப்பாக்கி, ஷூ, புது ரப்பர் சோல் இரண்டிலும் பசை தடவி, அது தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை என்னை உட்கார வைத்து, பிறகு இரண்டையும் ஒட்டிச் சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். ரப்பரோடு சேர்த்து 320 ரூபாய். பிடிமானத்தை மட்டும் பார்த்தால் நான் அணிந்ததிலேயே இதுதான் சிறந்தது; ஆனால் கழற்ற முடியாது, மேல்தோலை நனையாமல் காக்கவும் செய்யாது.

அரை உறை வாங்க நினைப்பவர்கள் ஷூவின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஷூவின் அடியை ஒரு தாளில் வரைந்து, அகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். கூர்மூக்கு ஷூவுக்கு வட்டமூக்கு உறையை மாட்டினால் முன்னால் மிஞ்சும் ரப்பர் படியின் விளிம்பில் தட்டும். சோலைக்காட்டுப் பக்கம் நடப்பவர்களை இது ரத்தம் உறிஞ்சும் அட்டையிடமிருந்து காப்பாற்றாது. அதற்கு முழங்கால்வரை ஏறும் அட்டைக் காலுறைதான் வேண்டும்.

கிழிந்துபோன சிலிக்கோன் உறைக்கு மாற்றாக இடது கால் ஒன்று மட்டும் கிடைக்குமா என்று விற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒற்றையாகக் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. வலது கால் உறை புதுக்கருக்கு மாறாமல் ஆணியில் தொங்குகிறது.