மழைக்காலத்தில் ஆயில் பிரேக் டிராக்டர்

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் கட்டட மண் அடிக்கிற டிராக்டர் என்னுடையது. வாங்கும்போதே ஆயில் பிரேக்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதன் அருமை ஐப்பசி மழையில்தான் தெரிகிறது. பிரேக் டிஸ்க்குகள் பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள், அதாவது பின் அச்சின் மூடிய கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடப்பதால் சேறும் தண்ணீரும் அண்டாது. தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்து உடனே மிதித்தாலும் அதே பிடிப்பு. முன்பு வைத்திருந்த, எண்ணெய் இல்லாத டிரை பிரேக் வண்டியில் ஈரம் இறங்கினால் முதல் மிதியே வழுக்கும், மனசு திக்கென்று ஆகிவிடும். இதில் உரசல் சூட்டையும் எண்ணெயே வாங்கிக்கொள்கிறது; டிஸ்க் மெதுவாகத்தான் தேய்கிறது.

ஆனால் கம்பெனி சொன்ன கிரேடு எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். விலை குறைவு என்று வேறு எதையாவது ஊற்றினால் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். ஒருநாள் டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால் ஹவுசிங்கைப் பிரிக்கணும், கூலி கூடுதல்தான். அப்புறம், இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டில் சேர்த்து லாக் போட்டே ஓட்டுங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், எந்த பிரேக் இருந்தாலும் லோடு பின்னாலிருந்து தள்ளத்தான் செய்யும்.