பின் மாறும், வோல்ட் மாறாது: என் டிராவல் அடாப்டர் அனுபவம்

2018-ல் ஓசூரில் 650 ரூபாய்க்கு வாங்கிய யுனிவர்சல் அடாப்டர். கம்பெனி வேலையாக இரண்டு முறை ஜப்பானின் நகோயா, ஒரு முறை ஜெர்மனி, மச்சான் வீட்டு விசேஷத்துக்குச் சிங்கப்பூர் என்று என்னோடு சுற்றியிருக்கிறது. இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அதனால் முடியாத ஒரு வேலையை அது செய்யும் என்று நான் நம்பியதில்தான் கோளாறு.

முதல் பயணத்தில் வீட்டிலிருந்த 1000 வாட் கெட்டிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். காலையில் உப்புமா மிக்ஸுக்கு வெந்நீர் வேண்டுமே! பிளக் கச்சிதமாகப் பொருந்தியது, விளக்கு மங்கலாக எரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். சுட்டதே தவிர, கொதி வரவில்லை. நம் ஊரில் 230 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அடாப்டர் பின்னை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சூடாக்கும் சாமான்களில் வோல்ட் பாதியானால் வாட் கால்வாசி ஆகிவிடும். என் கெட்டில் அங்கே 190 வாட்டைக்கூட எட்டவில்லை.

அப்போதே பாடம் படித்திருக்கலாம். திரும்பும்போது அம்மாவுக்கு ஆசையாக ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்தேன். கிருஷ்ணகிரி வீட்டுச் சமையலறையில், இதே அடாப்டரில் சொருகி ஸ்விட்சைப் போட்டதும் ‘பட்’டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை. "என்ன கண்ணு, அரிசி போடறதுக்குள்ளவே புகையுது?" என்றார் அம்மா. ரவுண்டானா பக்கத்து ரிப்பேர் கடைக்காரர் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இது நூறு வோல்ட் சாமானுங்கண்ணா. நம்மூரு கரண்டு இத அஞ்சு மடங்கு வாட் இழுக்க வச்சிரும்."

அன்றிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் பொடி எழுத்தைத் தேடுகிறேன். ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் கவலையில்லை. செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஜப்பானில் கிழக்கே டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், மேற்கே நகோயா, ஒசாகாவில் 60. சார்ஜருக்கு இரண்டும் ஒன்றுதான். 230 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும் அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் இப்போது வீட்டிலேயே இருக்கின்றன.

இனி அடாப்டரின் குறைகள். இதன் அளவு 6 ஆம்பியர். ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட்: 230 வோல்ட் வரும் ஜெர்மனியில் அது 1380 வாட் வரை தாங்கும், ஜப்பானில் 600 வாட்டோடு சரி. நம் மூன்று பின் பிளக் இதில் நுழையும், ஆனால் எர்த் இணைப்பு கிடையாது. உலோக உடம்புள்ள என் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கும். ஜெர்மனியின் குழிவான சாக்கெட்டில் இதன் பருத்த உடம்பு முழுதாக இறங்கவில்லை. இரவில் தளர்ந்துபோய், காலையில் போன் பாதி சார்ஜில் கிடந்தது. சிங்கப்பூரின் தடித்த மூன்று பின் சாக்கெட்டில்தான் ஆடாமல் நின்றது.

பின்களைத் தள்ளும் பட்டன் இப்போது லூஸாகிவிட்டது. அடுத்த முறை ஜெர்மனிக்கு மட்டும் எர்த் உள்ள தனி அடாப்டர் வாங்கப் போகிறேன். குக்கரின் உள்பாத்திரத்தில் அம்மா ராகி மாவு கொட்டி வைத்திருக்கிறார்.