கழுத்து நோவுக்குக் கைரோபிராக்டரா, பிசியோவா? இரண்டு பக்கமும் போய்வந்த ஒரு சாரதிப் பயிற்றுநரின் அனுபவம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபறோ பகுதியில் கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். பயிற்றுநர் இருப்பது வலப்பக்க இருக்கையில். பழகுபவரின் கண் எங்கே போகிறது, கை எப்படித் திரும்புகிறது, இடப்பக்கக் கண்ணாடியில் என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்து நாள் முழுக்கத் தலை இடது பக்கமே திரும்பியிருக்கும். லேன் மாறும்போதெல்லாம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். நான் பாராமல் விட்டால் மாணவரும் பார்க்க மாட்டார். ஆண்டுக்கணக்கில் இப்படியே இருந்ததில் கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு பிடிப்பு வந்து நிலைத்துவிட்டது. கூடினால் இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு வரை உளைவு இறங்கும். ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு இடையில் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, வயதுக்கு உரியதுதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் குடும்ப வைத்தியர்.

இந்த நோவோடு நான் கைரோபிராக்டர்களிடமும் போயிருக்கிறேன், பிசியோதெரபிஸ்டுகளிடமும் போயிருக்கிறேன். கைரோபிராக்டர் என்றால் முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் தள்ளிச் சிகிச்சை செய்பவர்; பிசியோ என்றால் கைச்சிகிச்சையோடு உடற்பயிற்சியும் தருபவர். இரண்டு தரப்பாரும் என் உடம்பைச் சொடுக்கியிருக்கிறார்கள், அதாவது மூட்டைச் சட்டென்று தள்ளி நெட்டி முறித்திருக்கிறார்கள். எது நல்லது என்று வகுப்புக்கு வருபவர்களும் கோயிலில் காண்பவர்களும் அடிக்கடி கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நான் கண்டது இதுதான்: சொடுக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. சொடுக்குவதற்கு முன்னால் என்ன கேட்கிறார்கள், முடிந்த பிறகு வீட்டில் செய்யச் சொல்லி என்ன கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டிலும் என் கழுத்துக்குப் பிசியோதான் நின்று பிடித்தது.

முதலில் போனது கைரோபிராக்டரிடம். கூப்பிட்ட அன்றே நேரம் கொடுத்தார்கள், வீட்டுக்கும் கிட்ட. குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து படுக்கச் சொல்லி, தலையை இரண்டு கைகளிலும் ஏந்தி, ஒரு பக்கம் சாய்த்து மெல்லத் திருப்பிக்கொண்டு போய், இனித் திரும்பாது என்ற இடத்தில் ஒரு சின்னத் தள்ளு. மிக வேகமாக, மிகக் குறுகிய தூரத்துக்கு. காதுக்குப் பக்கத்தில் படபடவென்று கேட்கும். எழுந்தவுடன் தலை இலேசாகிவிடும். அடைத்த கதவு திறந்ததுபோல் இடது பக்கம் முழுதாகத் திரும்பும். இதைப் பொய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அந்தச் சுகம் உண்மையானது. ஆனால் ஓரிரு நாளில் பிடிப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். திரும்பப் போவேன், திரும்பச் சுகம், திரும்பப் பிடிப்பு.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எலும்பு விலகியிருந்து மறுபடி இடத்தில் போய் உட்கார்வதால் வரும் சத்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. மூட்டுக்குள் வழுவழுப்பான ஒரு திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பக்கங்களும் சட்டென்று விலகும்போது அந்தத் திரவத்தில் ஒரு வாயு இடைவெளி உருவாகிறது. 2015இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் கௌச்சக் குழுவினர் விரலை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்து, நெட்டி முறியும் கணத்தில் அந்த இடைவெளி தோன்றுவதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். ஆய்வுக்கு விரலைக் கொடுத்தவரே ஒரு கைரோபிராக்டர். ஆகவே சத்தம் வந்தால் 'எலும்பு ஏறிவிட்டது' என்றோ, வராவிட்டால் சிகிச்சை வேலை செய்யவில்லை என்றோ நினைக்கத் தேவையில்லை.

அந்த முதல் இடத்தில் எனக்குப் பிடிக்காதது பிறகு நடந்தது. எக்ஸ்றேயைக் காட்டி, கழுத்தின் வளைவு நேராகிவிட்டது, மாதக்கணக்கில் கிழமைக்கு மூன்று தடவை வந்தால் திரும்ப வளைக்கலாம், முழுத் தொகையையும் முதலே கட்டினால் கழிவு உண்டு என்றார்கள். நோவே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த வளைவு நேராக இருக்கும் என்று குடும்ப வைத்தியர் விளக்கிய பிறகு அங்கே போவதை நிறுத்தினேன். ஒரு நோயாளியின் பயத்தை வைத்து மொத்தமாகப் பணம் வாங்குவது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

ஆனால் கைரோபிராக்டர் எல்லோரும் அப்படி என்று எழுதினால் அநியாயம். அடுத்து நான் போனவர் வேறு ரகம். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் முள்ளந்தண்டு எலும்புகளின் சிறு விலகல் என்று நம்பினார். இன்றைக்கும் அந்த நம்பிக்கையோடு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு முதுகு, கழுத்து நோவை மட்டும் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர் இரண்டாம் வகை. கையெழுத்து வாங்கிய படிவத்தில் பக்கவாதம் என்ற ஆபத்து வெளிப்படையாக இருந்தது (அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்), அதை எடுத்து விளக்கவும் செய்தார். சொடுக்கு வேண்டாம் என்றால் சின்ன ஸ்பிரிங் கருவியால் தட்டிச் செய்யலாம் என்று தெரிவும் கொடுத்தார். எனக்கு இருந்த ஒரே குறை, நேரம். மேசையில் படுத்து எழும்புவதற்குள் முடிந்துவிடும். வீட்டில் செய்ய ஒரு தாள் கிடைக்கும், அதைச் சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க ஆள் இல்லை.

பிசியோதெரபிஸ்டும் கழுத்தைச் சொடுக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் முள்ளந்தண்டு மூட்டை அதன் வழமையான அசைவெல்லைக்கு அப்பால் வேகமாகத் தள்ளுவதைக் கட்டுப்படுத்தப்பட்ட செயலாக வைத்திருக்கிறது. யாரும் செய்துவிட முடியாது. கைரோபிராக்டருக்கு அனுமதி உண்டு. பிசியோவுக்கும் உண்டு, ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்று, தங்கள் ஒழுங்குமுறைச் சபையில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஆகவே நேரம் எடுக்கும்போதே அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பிசியோ என்று பெயர்ப்பலகை இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நான் முதலில் போன பிசியோ கிளினிக்கில் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, வெப்ப ஒத்தடப் பையை வைத்து, மின்சாரம் தரும் ஒட்டுகளைக் கழுத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மணி அடித்ததும் உதவியாளர் வந்து கழற்றினார். அவ்வளவுதான். அதைவிட வீட்டில் சுடுதண்ணீர்ப் பையோடு இருந்திருக்கலாம்.

பிறகு கிடைத்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, கைமுறைச் சிகிச்சையில் மேற்படிப்புப் படித்தவர். முதல் நாள் என் கழுத்தைத் தொடுவதற்கு முன் கேள்விகளே அரை மணித்தியாலம் போயின. "அங்கிள், தலை திருப்பேக்குள்ள சுத்துதோ? ரெண்டு ரெண்டாத் தெரியுதோ? விழுங்கேக்க கஷ்டமோ?" பேச்சு குளறியதா, காரணமில்லாமல் விழுந்தீர்களா, முகம் மரத்ததா, இதுவரை வராத மாதிரி ஒரு தலையிடி வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணசைவு பார்த்தார், சிறு சுத்தியலால் கை நரம்புகளின் எதிர்வினையைத் தட்டிப் பார்த்தார், என் பிடியின் பலத்தை அளந்தார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னதை ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாடிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள்ளால் ஏறுகின்றன. பெரும்பாலும் ஆறாவது எலும்பில் நுழைந்து, மேலே முதலாவது எலும்பைச் சுற்றி வளைந்து மண்டையோட்டுக்குள் போகின்றன. தலை திரும்பும்போது அந்த மேல் வளைவு இழுபடும். நாடியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். மிக அரிது, ஆனால் வந்தால் பாரதூரம். அதற்கும் மேலே ஒரு சிக்கல். கிழிந்த நாடியின் முதல் அறிகுறியே கழுத்து நோவும் தலையிடியும்தான். அந்த நோவைப் பிடிப்பு என்று நினைத்து ஆள் சொடுக்குக்குப் போகிறார். ஒன்ராறியோவில் டேவிட் காசிடி குழுவினர் செய்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு இந்த வகைப் பக்கவாதம் வந்த 818 பேரைப் பார்த்தது. அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போனதோடு இருந்த தொடர்பு, குடும்ப வைத்தியரிடம் போனதோடும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. சொடுக்குதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014இல் அமெரிக்க இதயச் சங்கம், இந்தத் தொடர்பைப் பற்றி நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அறிக்கை விட்டது. ஆகவே அந்தக் கேள்விகளைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கிழிந்திருக்கும் நாடியோடு ஒருவர் மேசையில் படுத்துவிடாமல் காப்பவை அவை. கேள்வி கேட்காமல் தலையைப் பிடிப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

அவர் கழுத்தை நேரடியாகச் சொடுக்கியது குறைவு. அவுஸ்திரேலியப் பிசியோ ஜெப்ரி மெயிற்லண்ட் வகுத்த படிநிலைகள் இருக்கின்றன. ஒன்று முதல் நான்கு வரை மூட்டைப் பெருவிரலால் மெல்ல ஆட்டி ஆட்டி அசைப்பது, ஐந்தாவதுதான் சொடுக்கு. எனக்குக் கழுத்தில் மூன்று, நான்காம் படி, சொடுக்கை மேல்முதுகில் செய்தார். மேல்முதுகு இளகினால் கழுத்தும் இளகுகிறது, நாடியைப் பற்றிய பயமும் இல்லை. கழுத்து நோவுக்கு ஆட்டுவதும் சொடுக்குவதும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருகின்றன என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் தொகுப்பாய்வும் சொல்கிறது. அப்படியிருக்க, கூடிய விசையை ஏன் முதலில் எடுக்க வேண்டும்?

என் கழுத்தை மாற்றியது அதற்குப் பின் வந்த வேலை. கழுத்தின் முன்பக்க ஆழத்தில் இருக்கும் தசைகள் என்னிடம் தூங்கிப்போயிருந்தன. அவற்றுக்கு, அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பிசியோ குவென்டலின் ஜல் உருவாக்கிய ஒரு பயிற்சி. நிமிர்ந்து படுத்து, கழுத்துக்குக் கீழே இரத்த அழுத்தப் பட்டை மாதிரி ஒரு காற்றுப்பை. அளவுமானி 20இல் நிற்கும். ஆம் என்று தலையசைப்பதுபோல் மோவாயை மெல்லக் கீழிறக்கி 22, பிறகு 24 என்று 30 வரை கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் பிடித்திருக்க வேண்டும். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும், எனக்கு 24க்கு மேல் நடுங்கியது. அடுத்தது துவாய்ப் பயிற்சி, நியூசிலாந்தின் பிரயன் மல்லிகன் முறை: துவாயின் ஓரத்தைப் பிடிப்புள்ள எலும்பின் மேல் வைத்து, முனையைக் கன்னப்பக்கம் மேல்நோக்கி இழுத்துக்கொண்டே தலையைத் திருப்புவது. சொடுக்கில் கிடைத்த அதே திரும்பலை என் கையாலேயே எடுக்க முடிந்தது. அப்புறம் ரப்பர் பட்டியை இழுத்துத் தோள்பட்டைக்குப் பலம் ஏற்றுவது.

ஒரு நாள் கிளினிக்கின் கார் தரிப்பிடத்துக்கே இறங்கி வந்து, நான் என் இருக்கையில் எப்படி இருக்கிறேன் என்றும் பார்த்தார். முதுகுச் சாய்வை நிமிர்த்தச் சொன்னார். கழுத்தை மட்டும் திருப்பாமல் நெஞ்சோடு சேர்த்துத் திரும்பச் சொன்னார். எனக்கென்று இன்னொரு பின்பார்வைக் கண்ணாடியை முன் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். என் நோவு எங்கே உண்டாகிறதோ அந்த இடத்துக்கே வந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். அதற்காக அவருக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

பலன் கெதியில் வரவில்லை. முதல் சில கிழமைகள் ஒன்றுமே மாறவில்லை, பயிற்சி அலுப்புத் தட்டியது. மூன்றாம் மாதமளவில்தான் பின்னேர உளைவு குறைந்தது. இப்போது பனி அள்ளும் மாதங்களில் கொஞ்சம் தலை தூக்கும், பயிற்சியைக் கூட்டினால் அடங்கிவிடும். இடைவெளி விட்டு விட்டு அவரிடம் போகிறேன், ஒவ்வொரு தடவையும் இனி எப்போது வரத் தேவையில்லை என்று அவரே சொல்வார். அமெரிக்காவின் மினசோட்டாவில் 272 பேரை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: 12 கிழமைச் சிகிச்சைக்குப் பிறகு சொடுக்கு மருந்தைவிட நல்ல பலன் தந்தது, வீட்டுப் பயிற்சியும் சொடுக்குக்கு ஏறக்குறையச் சமமாக நின்றது. அதைச் செய்தது ஒரு கைரோபிராக்டிக் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை கூடுதல்.

பண விஷயம் சுருக்கமாக. கைரோபிராக்டருக்கு 2004 டிசெம்பரோடு ஒன்ராறியோ அரசுக் காப்புறுதி நின்றுவிட்டது. பிசியோவுக்கு 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் குறிப்பிட்ட கிளினிக்குகளில், வைத்தியரின் கடிதத்தோடு, அரசுச் செலவில் பார்க்கலாம். என் மாதிரி இடைப்பட்டவர்களுக்கு மனைவியின் அல்லது கணவனின் வேலையிடக் காப்புறுதிதான் கைகொடுக்கும். அதில் இரண்டுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருப்பது வழக்கம், பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழும்பும்போது கழுத்து சுளுக்கித் திரும்ப மறுத்தால், உடனே நேரம் தரும் நல்ல கைரோபிராக்டரிடம் போவதில் தவறில்லை. ஆண்டுக்கணக்கில் தொழிலோடு வரும் நோ என்றால் பிசியோவிடம் தொடங்குங்கள். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஒஸ்டியோபொரோசிஸ்), நெடுநாள் ஸ்டீராய்டு, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள், கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். திடீரென்று, இதுவரை அறியாத மாதிரிக் கழுத்திலோ தலையின் பின்புறத்திலோ நோ வந்து, அதோடு தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், முகம் மரத்தல் என்று எது சேர்ந்தாலும் இரண்டு பேரிடமும் போக வேண்டாம். 911ஐக் கூப்பிடுங்கள்.